ஷிஃப்ட் அழுத்தாத விரல்

தவறாகப் பழகிய ஒன்று பல வருடங்கள் கழித்துச் சரியாகிவிட்டால், அதைத் திறமை என்பதா, தற்செயல் என்பதா? கிண்ணியா றுக்கியாவின் கதையைக் கேட்கிறவருக்கு இந்தக் கேள்வி வராமல் இராது. அவருக்கு மட்டும் அது வந்ததாகத் தெரியவில்லை.

1957இல் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கடற்படைக்கு மரக்கறி கொடுத்துவந்த றுக்கியாவின் வாப்பா பக்கீர் உட்காரக் கதிரை வாங்கப் போய், ஒரு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைப் பாதையில் கிண்ணியாவுக்குத் திரும்பினார்.

"இதுக்கு மேல எப்படிக் குந்துற?" என்று உம்மா கேட்டார்.

"புள்ள படிக்கட்டும்" என்றார் வாப்பா.

அது கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்டு அடிப்பதற்கான இயந்திரம். அதில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை அழுத்த வேண்டும் என்று இரவல் வாங்கிய புத்தகம் சொன்னது. எதை அழுத்தினாலும் பெரிய எழுத்தே விழுந்ததால் றுக்கியா அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனார். வேகம் மட்டும் நன்றாக வந்தது.

ஐந்து வருடம் கழித்துத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டைப் சோதனை நடந்தது. மனேஜர் பாக்கியரத்தினம் அவருடைய தாளை வாங்கிப் பார்த்தார். அந்த மெஷினிலும் ஷிஃப்டைத் தொடாமலே அடித்ததால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எல்லாமே சின்ன எழுத்து.

"பிள்ளை, கம்பனியின்ர பேரையும் சின்னனாக்கிப்போட்டீர். முதலாளியின்ர பேரையும் சின்னனாக்கிப்போட்டீர். இதை நான் ஆருக்கு அனுப்புறது?"

வேலை நகரத்துப் பெண் கமலாதேவிக்குக் கிடைத்தது. றுக்கியா அபூதாஹிரைக் கலியாணம் செய்து, வீட்டிலிருந்தபடியே ஊராரின் மனுக்களைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தார். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த அலுவலகத்தின் ஜன்னலை ஒருமுறை பார்க்காமல் திரும்பமாட்டார்.

எழுபதுகளின் நடுவில் அங்கே டெலெக்ஸ் வந்தது. இங்கே அடிப்பது கொழும்பில் அப்படியே எழுத்தாக விழும். கமலாதேவி அடித்தால் மட்டும் பாதி வசனம் இலக்கங்களாக விழுந்தது. "இது என்ன கணக்கு?" என்று கொழும்பு கேட்டது. பழுது பார்க்க வந்தவர் தானே அடித்துப் பார்த்து, மெஷினில் பிழையில்லை என்று போய்விட்டார். பாக்கியரத்தினத்துக்கு, ஷிஃப்டே அழுத்தாத கிண்ணியாப் பெண்ணின் நினைவு வந்தது. ஆள் அனுப்பினார்.

டெலெக்ஸில் சின்ன எழுத்தே கிடையாது. எண் வேண்டுமென்றால் மூலையில் ஒரு கீ, எழுத்துக்குத் திரும்ப இன்னொன்று. றுக்கியா அடித்தது ஒரு பிசகு இல்லாமல் போனது.

பாக்கியரத்தினம் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆளுக்குத்தான் இனிச் சம்பளம் குடுக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் கமலாதேவிக்கு ஏலாமல் போனால், இந்தக் கதிரை உமக்கு."

அவர் கப்பலடிக்குப் போனதும் கமலாதேவி மறுபடி அடிக்கத் தொடங்கினார். றுக்கியா பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு வசனமும் தொடங்கும் முன் கமலாதேவியின் இடது சின்ன விரல் கீழே இறங்கி மூலையைத் தொட்டு வந்தது. டைப்ரைட்டரில் ஷிஃப்ட் இருக்கிற இடம் அது. இங்கே எண்ணுக்கான கீ. அந்த விரலுக்குச் சொந்தக்காரிக்கே அது தெரியவில்லை. அப்படி ஒரு பழக்கமே இல்லாத றுக்கியாவின் கண்ணுக்கு அது தனியாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பேசாமல் மிதவை ஏறியிருக்கலாம்.

"தங்கச்சி, உங்கட சின்ன விரல் கீழ போகுது."

"எங்க போகுது? இல்லையே அக்கா."

"போகுது. தாளைப் பாக்காம விரலைப் பாத்து அடிங்க."

கமலாதேவி பார்த்துக்கொண்டே அடித்தார். விரல் தானாக இறங்கியது. "அட, இது ஆரின்ர விரல்?" என்று சிரித்தார்; சிரிக்கும்போதே கண் கலங்கியது.

மேசையில் கிடந்த றப்பர் பட்டியை எடுத்து றுக்கியா அந்தக் கீயின் தலையில் இறுக்கிச் சுற்றினார். "தொட்டால் உறுத்தும். விரல் திரும்பி வந்துரும்."

வெள்ளிக்கிழமை கமலாதேவி அடித்தது சுத்தமாகப் போனது. கதிரை அவருக்கே நிலைத்தது. அடுத்த வருடம் கப்பல்கள் கூடி, மாலை நேரத்துக்கும் ஒருவர் தேவைப்பட்டபோது றுக்கியாவை எடுத்தார்கள். 1982 வரை அங்கே நிறைவாக வேலை செய்தார். ஆனால் விரலைக் காட்டிக்கொடுத்த அந்தப் புதன்கிழமை அப்படியொரு மாலை வேலை வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அபூதாஹிர் ஒருமுறை கேட்டார். "வெள்ளி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா கதிரை ஒனக்குத்தானே?"

"ஓம்" என்றார் றுக்கியா. அடுத்த மனுவுக்குத் தாளைச் செருகினார்.