மைக் கடித்த சாயங்காலம்

திருச்சிக்காரர்களுக்குப் பெரம்பலூர் என்றால் பஸ் நின்று டீ குடிக்கிற ஊர். போகட்டும். மண்டபத்தில் வரவேற்பு, புதுக் கடைத் திறப்பு, அம்மன் கோயில் திருவிழா என்று இங்கே ஏதாவது ஒரு பாட்டுக் கச்சேரி கேட்காமல் எனக்கு வாரம் ஓடாது. போதாததற்கு என் மனைவியே ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறாள். அவள் மேடையேறினால் போதும், கூட்டத்தில் உட்கார்ந்து ஈயென்று இளித்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு இளிக்க முடியவில்லை. உடையார்பாளையம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. மதியம் அடித்த மழையில் மேடைப் பாய் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. மேடையோ அம்மன் சன்னதியைப் பார்த்துப் போட்டது. அங்கே செருப்போடு நிற்க எங்கள் குழுவில் யாருக்கும் மனசு வராது. நனைந்த பாயில் வெறுங்கால், கையில் ஒயர் மைக்.

முதல் பாட்டு முடிந்ததும் மேடை ஓரத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, மைக் கடிக்குது. உதட்டுல சுருக்கு சுருக்குன்னுது." மைக்கில் கரண்டு கசிந்தால் பாடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மைக்செட்காரரிடம் ஓடினேன். "எர்த்து கொஞ்சம் சரியில்லண்ணே. கர்ச்சீப்பச் சுத்திக்கிட்டுப் பாடச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் பாடுறாங்க" என்றார். அடப் பாவி மனுஷா!

"செருப்பையாவது போட்டுக்கயேம்மா" என்று அவளிடம் கெஞ்சினேன்.

"ஆத்தா முன்னாடி செருப்புக் காலோட நிக்கச் சொல்றீங்களா? சும்மா இருங்க." கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பாட்டுக்கு ஊரே விசிலடித்தது. நான் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. மைக் உதட்டருகே போவதையும் விலகுவதையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வியர்த்தால் கர்ச்சீப் ஈரமாகுமே, மறுபடி தூறினால் என்ன ஆகும் என்று மனசு கண்டதையும் நினைத்தது. நினைத்தபடியே தூறியது. சரணத்தின் நடுவில் அவள் தோள் ஒரு தரம் வெடுக்கென்று இழுத்தது. பாட்டு நிற்கவில்லை. என்னால்தான் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஓடினேன். "யோவ், யாருய்யா நீ?" என்று ஜெனரேட்டர்காரர் கத்தக் கத்த சுவிட்சை அணைத்தேன். மேடை இருண்டது. பாட்டு அறுந்தது. ஒரே கூச்சல். யார் யாரோ என்னைப் பிடித்துத் தள்ளினார்கள், சட்டைப் பொத்தான் தெறித்தது. எதுவும் உறைக்கவில்லை. நான் அணைப்பதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தால்? இருட்டில் அவள் விழுந்து கிடந்தால்? செல்போன் வெளிச்சத்தோடு மேடைக்கு ஓடினேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முழுசாக இருந்தாள். அப்படியே அழுதுவிட்டேன்.

விழாக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அப்புறம் மைக் கடித்த கதையைக் கேட்டதும் அவர்களே எர்த் கம்பியை ஆழமாக அடிக்கச் சொல்லி, பாயைச் சுருட்டிவிட்டுக் காய்ந்த பலகையைப் போட்டுக் கொடுத்தார்கள். கச்சேரியும் நல்லபடியாக முடிந்தது.

வேனில் திரும்பும்போது கேட்டேன். "உனக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? பாதியில நிறுத்துனா அடுத்த வருசம் நம்மளக் கூப்புடுவாங்களா? உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு எப்படியோ பாடிட்டிருந்தேன். திடீர்னு பாத்தா உங்க சேரு காலியாக் கெடக்குது. பாக்க மாட்டாம எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "அதுக்கப்புறந்தாங்க எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது."