குதிகாலில் முளைத்த மரு

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தபோது என் வலது குதிகாலில் ஏதோ குத்தத் தொடங்கியது. முள் என்று நினைத்து ஊக்கால் கிளறினேன், வரவில்லை. பிறகு கால் ஆணி என்று முடிவு செய்து சவர பிளேடால் சீவினேன். சீவினால் இரண்டு நாள் சும்மா இருக்கும். மூன்றாம் நாள் கூழாங்கல்லை மிதித்த மாதிரி மறுபடி ஆரம்பிக்கும்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கியதில்லை. இங்கேயும் நாள் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. வேலந்தாவளம் சந்தையில் மாடு ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று எருத்தேன்பதி வியாபாரி ஒருவர் போனில் கூப்பிட்டிருந்தார். "ஏப்பா, மாடு முட்ட வந்தா ஓடோணும். நல்ல காலோட வா" என்றார்.

அந்தக் கால்தான் இல்லை. அதனால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா மலையாளம் கலந்த தமிழில் பேசினார். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் சேர்த்து அமுக்கியபோது உயிர் போனது.

"இது ஆணியில்ல. மரு. இந்தக் கறுத்த புள்ளி கண்டோ? வைரஸ். நனைஞ்ச தரையில, அடுத்தவங்க பூட்ஸுல இருந்தெல்லாம் வரும். பிளேடு தொடக் கூடாது கேட்டோ."

ஒரு சிறு பாட்டில் தந்தார்கள். தினமும் வெந்நீரில் காலை ஊறவைத்து, மேல்தோலைத் தேய்த்தெடுத்து, மரு மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்து, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். தேய்க்கிற பொருளை வேறு யாரும் தொடக் கூடாது. மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார்கள். எனக்கு மூன்று நாளே பெரிது. கடைசியாக நர்ஸம்மா, "சுகர் உண்டோ? இருந்தா இது போடக் கூடாது" என்றார். எனக்கு இல்லை.

தோட்டத்துக் குடியிருப்பான லயத்துக்கு வந்து குழாயடியில் நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கு ஒரு குழாய், அதன் அடியில் சொரசொரப்பாக ஒரு கல். காட்டுச் சேறு வெடிப்புக்குள் ஏறினால் சோப்புக்குப் போகாது. எல்லாரும் அந்தக் கல்லில்தான் குதிகால் தேய்ப்போம். பிளேடால் சீவிய காலை, ரத்தம் கசியக் கசிய, நானும் அதில்தான் தேய்த்து வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் காய் எடுப்பவள், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு கெடக்கு தம்பி. ரெண்டு சொட்டு குடு, வச்சுக்கிடுதேன்" என்றாள்.

"ஒனக்கு ஆகாதுக்கா. சுகர்காரங்க போடக் கூடாதாம்."

"சொட்டு மருந்துக்கு இம்புட்டு பிகுவா?"

"கல்லுல ஒட்டிப் பரவுமாம். நாந்தான் தேச்சு விட்டுருக்கேன்."

அவள் கல்லைப் பார்த்தாள். "நீ நேத்து வந்தவன். இந்தக் கல்லு எம்புட்டு காலப் பாத்திருக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்று மாத வைத்தியத்தை எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். பஸ்ஸுக்கு நேரமிருந்தது, ஆனாலும் வேகமாகத்தான் நொண்டினேன். அக்கா வாசற்படியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் பிளேடு. நான் சீவுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

"அதக் கீழ போடுக்கா. ஆஸ்பத்திரிக்கு வா."

"இன்னைக்குப் பேரு போயிரும், கூலி கெடைக்காது. கங்காணி கத்துவாரு."

"கத்தட்டும்."

"ஓடுதவன் ஓட வேண்டியதுதான? எங்காலப் பிடிச்சு ஏன் தொங்குத?"

பையை அவள் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். திட்டிக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். என்னால் உட்கார முடியவில்லை. நாலு தடவை வெளியே போய் ரோட்டைப் பார்த்தேன். நாலாவது தடவை நான் ஏற வேண்டிய பஸ் கடந்து போனது. உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் என்னைக் காட்டி, "மகனா?" என்றார்.

"இல்ல சார். இந்த மருவ எனக்குத் தந்த புண்ணியவான்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. மருவைப் பார்த்தார், கன்றிய குதிகாலைப் பார்த்தார். பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். தெரியும்போது சொல்ல வேண்டும். கணுக்காலுக்கு மேலே தொட்டபோது "தெரியுது" என்றாள். பாத நடுவில் கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள். பெருவிரலுக்குக் கீழே இழை வளையும்வரை அழுத்தினார். குதிகாலிலும் அழுத்தினார்.

அக்கா கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். "எப்ப சார் தொடுவீங்க?" என்றாள்.