எட்வின் உச்சியில் ஒரு சிக்னல் கம்பம்

போன செவ்வாய்க்கிழமை சலூனுக்குப் போனேன். வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம்... மற்றபடி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் சலூன்காரர் செல்போனை என் தலைக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்தார். "பாருங்க சார், ஓகேவா?" என்று நீட்டினார்.

எண்பத்து நான்கு வயதில் முதல்முறையாக என் உச்சந்தலையைப் பார்த்தேன். சுழி எங்கே என்று தேடினேன். சுழி தெரிய வேண்டுமானால் முடி இருக்க வேண்டுமே!

வேடிக்கையைப் பாருங்கள். பஸ்ஸில் நம் பின்னால் நிற்கிறவருக்கு நம் உச்சந்தலை தெரியும். மாடியில் துணி காயப்போடுகிற அம்மாவுக்குத் தெரியும். நமக்கு மட்டும் தெரியாது. அங்கே இத்தனை சுழி என்று யாராவது சொன்னால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படி என்னை நம்பினான் ஒருவன். அவனுக்கு நான் செய்ததை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் நானும் எட்வினும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் எம்.ஏ. படித்துவிட்டு அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அவன் ஒரு தனியார் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஸ்கேல் வைத்து நேர்கோடு போடுவது அவன் தொழில். அவன் போட்ட கோடுகளைவிட நேராக அவன் உச்சியில் ஒரு கொத்து முடி நின்றது.

அதைப் படுக்க வைக்க நாங்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெய் – பளபளவென்று நின்றது. விளக்கெண்ணெய் – இன்னும் பளபளவென்று நின்றது. சோற்றுக் கஞ்சி தடவினோம். காய்ந்து, துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டது. ஒருநாள் கொதிக்கும் நீரைச் சொம்பில் ஊற்றி, சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல அவன் தலைக்குப் போட்டேன். அவன் அலறினான். முடி அசரவில்லை.

கடைசியில் வாஸ்லைன்தான் கொஞ்சம் கைகொடுத்தது. தினமும் காலையில் அவன் நாற்காலியில் உட்காருவான். நான் பின்னால் நின்று வாஸ்லைனை அப்பி, சுழியின் போக்கிலேயே சீவி, ஈரத்துண்டால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். மின்சார ரயில் கிளம்பி அடுத்த ஸ்டேஷன் சானட்டோரியம் வருவதற்குள் ஜன்னல் காற்றில் அது எழுந்துவிடும். அது வேறு விஷயம்.

ஸ்டேஷன் பக்கத்தில் சலூன் வைத்திருந்த கோவிந்து சொல்லிப் பார்த்தார். "இன்னா சார் நீ, அத்த ஒட்ட வெட்னா இன்னும் மொறைக்கும். நீளமா வுடு. வெயிட்டுக்குத் தானா பட்த்துக்கும்." ஆனால் எட்வினின் மேனேஜருக்கு நீளமான முடி என்றால் ஆகாது. எனவே முடி முறைத்துக்கொண்டே இருந்தது.

அவன் உச்சந்தலை எனக்கு அத்துப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். அதில் இருந்தது ஒற்றைச் சுழி. எண்ணுவதற்கு எம்.ஏ. தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, குரோம்பேட்டையில் பெண் பார்க்கப் போனோம். எட்வினுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஹாஸ்டலில் வளர்ந்தவன். அதனால் மாப்பிள்ளை வீட்டார் என்பது நான் ஒருவன்தான். பெண்ணின் அப்பா ஹெட்மாஸ்டர். பெண் லட்சணமாக இருந்தாள். டீயும் கேக்கும் வைத்துவிட்டு எட்வினை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு வேர்க்கிறதே என்று ஹெட்மாஸ்டர் ஃபேனைப் போட்டார்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் ஒரு முடி. பிறகு நாலைந்து. பிறகு மொத்தக் கொத்தும், தேசிய கீதம் கேட்டதுபோல எழுந்து நின்றது.

பெண்ணின் அத்தை, ஹெட்மாஸ்டரின் அக்கா, அதுவரை வாயே திறக்காதவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "தம்பிக்குச் சுழி எத்தனை?"

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பது நம் ஊர் நம்பிக்கை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இதில் மட்டும் பேதமில்லை.

எட்வின் என்னைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும் ஆன்ட்டி? இவன்தான் தினமும் பார்க்கிறான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண்ணும் திரும்பினாள். வாசகர்களுக்கு என்னைத் தெரியும். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ரெண்டுங்க. அப் லைன் ஒண்ணு, டவுன் லைன் ஒண்ணு. நடுவுல அதோ, சிக்னல் கம்பம்!"

கூடம் அதிரச் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் சிரித்தார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்வினும் சிரித்தான். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'ஜெபித்துப் பார்த்தோம், வழி திறக்கவில்லை.'

எட்வின் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டான். "டேய், நெஜமாவே எனக்கு ரெண்டாடா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒன்று என்று சொன்னால், பிறகு ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்பான். ஒரு பெண் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"ஆமாண்டா. விடு" என்றேன்.

முதலில் சொன்னது விளையாட்டு. இது பொய்.

மறுநாளே, அவனுக்குத் தெரியாமல் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். "நமக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது தம்பி" என்றார் அவர். "ஆனா எங்க அக்காவுக்கு மனசு ஒப்பலை."

"சார், அன்னைக்கு நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"எது விளையாட்டு தம்பி? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?"

ஆனாலும் நான் விடவில்லை. அடுத்த நாள், எட்வினிடம் மூச்சு விடக் கூடாது என்று கெஞ்சிவிட்டு, கோவிந்துவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவரை வராந்தாவிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். "ஒத்தச் சுழிதான் சார். மாசா மாசம் நான்தான வெட்டிகினு கீறேன்" என்று அவர் சொன்னார்.

ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "எம்.ஏ. படிச்சவர் ரெண்டுன்னார். முடி வெட்டுறவர் ஒண்ணுங்கிறார். நாங்க யாரை நம்புறது, சொல்லுங்க?"

என் படிப்புக்குக் கிடைத்த மரியாதையைக் கவனித்தீர்களா? பல்கலைக்கழகப் பட்டத்தின் முழு வலிமையை நான் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி ஸ்டேஷன் வந்ததும் கோவிந்து ஒன்றே ஒன்று கேட்டார். "ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவனா சார் நானு? பேஜார் பண்ணிட்டியே."

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எட்வின் யோக்கியன். அதில்தான் வந்தது வினை. அதற்குப் பிறகு பல்லாவரத்தில் ஒரு பெண், செங்கல்பட்டில் ஒரு பெண்... எங்கே போனாலும், டீ வருவதற்கு முன்பே அவனாகச் சொல்லிவிடுவான். "ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. எனக்கு ரெட்டைச் சுழி." அவர்களும் ஜெபித்துப் பார்த்தார்கள். வழி திறக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றேன்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. என் சுழியை யாரும் எண்ணவில்லை.

எழுபதுகள் வந்தன. ஊரே முடியை நீளமாக வளர்த்தது, மேனேஜரும் வளர்த்தார். கோவிந்து சொன்னபடி அந்தக் கொத்து தன் கனத்துக்குத் தானாகப் படுத்துக்கொண்டது. முடி அடங்கியது. சுழி மட்டும் அடங்கவில்லை.

முப்பத்தைந்து வயதில் எட்வின் ரோஸ்லினைப் பார்த்தான். நர்ஸ். கல்யாணமான இரண்டே வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். வழக்கம்போல இவன் ஆரம்பித்தான். "ஒரு விஷயம் மறைக்கக் கூடாது..."

ரோஸ்லின் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கல்யாணம்தானே? ஒண்ணு நான் பண்ணியாச்சு. இது ரெண்டாவது. கணக்கு சரியாப் போச்சு."

பீர்க்கன்கரணையில் வீடு கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு நன்றாகவே வாழ்ந்தார்கள். அதை வைத்து என் மனசாட்சிக்கு நான் வாஸ்லைன் தடவிவந்தேன். எல்லாம் நல்லதற்குத்தான் என்று. ஆனால் எட்டு வருடம் அவன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலையைத் தடவிக்கொண்டே இறங்கி வந்ததை யார் பார்த்தார்கள்? நான்தான் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சலூனிலிருந்து நேராக அவன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"எட்வின், உனக்கு ரெட்டைச் சுழி கிடையாதுடா. ஒண்ணுதான். நான் பொய் சொன்னேன்."

அவன் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. இப்போது அங்கேயும் முடி இல்லை. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணுதானா?" என்றான். "அப்ப... அந்தக் குரோம்பேட்டைப் பொண்ணு?"

நான் தலை குனிந்தேன்.

சமையலறையிலிருந்து ரோஸ்லின் வந்தார். "எனக்குத் தெரியும் அண்ணா" என்றார். "கல்யாணமான முதல் வாரம், தலைக்கு எண்ணெய் வெக்கும்போதே எண்ணிட்டேன்."

"தெரிஞ்சுமாடி என்கிட்ட சொல்லல?" என்றான் எட்வின்.

"நான் ஏன் சொல்லணும்? பொய் சொன்னவங்க வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார்.