கிளவுட் என்றால் பாறை

ராஜபாளையத்துக்கு வெளியே, வெளுத்த பேண்டேஜ் துணியைக் காயப்போடும் களத்தில் ஜெயசித்ரா சூப்பர்வைசர். ஐந்து வருஷம் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தினவள். கொரோனாவில் பள்ளியை மூடிவிட்டார்கள். களத்திலும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். மரியாதை பாதி, நக்கல் பாதி.

துணியை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். மழை விழுந்தால் சேறு தெறித்துத் துணி மறுபடி வெளுக்கப் போகும். போன வாரம் மேற்கே மலை கறுத்ததைப் பார்த்துச் சுருட்டச் சொன்னாள். மழை வரவில்லை. அது மேகமே இல்லை, உச்சிச் சாரலில் நனைந்த பாறை. ஒரு நாள் வெயில் வீண்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி கௌதம்ராஜ்.

வீட்டில் இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிளவுட் என்றால் பாறை, குன்று. குவிந்து நிற்கும் மேகத்துக்கு அந்தப் பேர் பிறகுதான் வந்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்று மூன்று மணிக்கு மலையில் அதே கறுப்பு.

"டீச்சர், சுருட்டவா?" என்றாள் வெள்ளத்தாய்.

"செத்த பொறுங்கக்கா."

கரண்டுக் கம்பத்தின் ஓரத்தோடு கறுப்பின் ஓரத்தைச் சேர்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"மழை வருமான்னு கம்பத்துக்கிட்டயா கேக்கீக?"

"நகந்தா மேகம். நகராட்டி பாறை."

"ரெண்டும் வேறன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே."

"இங்கிலீஷ்காரனுக்கே தெரியலக்கா. ரெண்டுக்கும் ஒரே பேருதான் வச்சான்."

"அவன் பேண்டேஜா காயப்போட்டான்?"

பெண்கள் சிரித்தார்கள். கறுப்பு நகரவில்லை.

"பாறைதான். கிடக்கட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, பிடரியில் குளிர்காற்று பட்டது. திரும்பினாள். எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மாதம், மழை வடகிழக்கிலிருந்து வரும் காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து வானம் சாம்பலாகி வந்துகொண்டிருந்தது. தாண்டியும் போகலாம், இங்கேயும் கொட்டலாம்.

"சுருட்டுங்க."

"இப்பத்தான பாறைன்னீக?"

"அது மலையில. இங்கிட்டுப் பாருங்க."

"பெய்யாட்டி?"

"நாளைக்கு நான் வரல. அம்புட்டுதான்."

வெள்ளத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வரிசைக்கு ஓடினாள். ஜெயசித்ரா மறுமுனையைப் பிடித்தாள். பாதிக் களம் காலியானபோதும் துளி இல்லை. வெயில்கூட ஒரு தடவை அடித்தது. கை நின்றது, மறுபடி சுருட்டினாள்.

கடைசி இரண்டு வரிசை இருக்கும்போது மழை மொத்தமாக இறங்கியது.

கொட்டகையில் கௌதம்ராஜ் வெளியே எட்டிப் பார்த்தார். "ரெண்டு வரிசை போச்சே."

"முப்பத்தெட்டு உள்ள இருக்கு சார்."

அவர் சுருளைத் தொட்டுப் பார்த்தார். "நாளைக்குச் சீக்கிரம் விரிக்கணும்" என்றார்.