கோட்டைக் கழற்றாத பங்குனி

ஹட்டனில் பங்குனி மாதத்து வானத்தை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக்கூடாது. காலையில் பைப்புத் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைக்கும். கொஞ்சம் பொறுத்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானச் சோறு செரிப்பதற்குள் மேகம் திரண்டு, இடி இடித்து, மழை கொட்டும். இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். வேலை பார்த்த துணிக்கடைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கு எப்போது மழை வரும் என்று கேட்காமலே சொல்வேன். பலித்த நாட்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்ட நான்தான் அந்த வானத்தை நம்பி வட்டகொடைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

நாளெல்லாம் ஊராருக்குச் சட்டைத்துணி கிழித்துக் கொடுத்த எனக்கு உருப்படியாக ஒரு சட்டை கிடையாது. இந்த விஷயத்தில் இலங்கை மலைநாட்டுக் குளிர் பெரிய உபகாரி. மேலே ஒரு கோட்டு இருந்தால், உள்ளே சட்டைக்குக் காலரும் நெஞ்சுப்பக்கம் ஒரு சாணும் போதும், மானம் தப்பிவிடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிய காலம் அது. அப்படிப் போன ஒருவரின் கம்பளிக் கோட்டு கைமாறி என்னிடம் வந்திருந்தது. துரை நல்ல உயரம் போலிருக்கிறது, எனக்கு முழங்காலைத் தொட்டது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் எனக்கு நானே சலாம் வைக்கத் தோன்றும்.

ஏற்கெனவே இரண்டு வீடுகளில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். இந்த முறை காலைக் குளிரோடு போய், வெயில் ஏறுமுன் பேச்சை முடித்துவிடுவது என் திட்டம். ரயில் தாமதமாக வந்தது. நானும் தாய்மாமாவும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

பெண்ணின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கங்காணி, ஒரு சின்னக் கூட்டத்தை வைத்து வேலை வாங்குபவர். கோட்டும் வேட்டியுமாக வந்து வரவேற்றார். வரிசைவீடான லயத்துக்குள் இருட்டு என்று வாசலில் வாங்கு போட்டு உட்காரவைத்தார்கள். எதிர்லயத்துத் தகரக் கூரையில் பட்ட வெயில் நேராக என் முகத்தில் அடித்தது.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்த இடமும் தட்டிப்போய்விடக்கூடாதே என்று கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கோட்டைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாக உட்காரும்படி கங்காணி சொன்னார். பரவாயில்லை என்றேன். மறுபடி சொன்னார். எனக்குக் குளிர் உடம்பு என்றேன். சொல்லி முடிக்கும்போது மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கிளாசுக்குள் விழுந்தது. மழையாவது வந்து காப்பாற்றுமா என்று வானத்தைப் பார்த்தேன். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

பெண்ணின் அம்மா மாமாவைத் தனியே அழைத்து, தம்பிக்கு இருமல் உண்டா, ராத்திரியில் காய்ச்சல் வருமா என்று விசாரித்தார். சயரோகம் என்றால் எல்லோரும் நடுங்கிய காலம். வெயிலில் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறவனை வேறென்ன நினைப்பார்கள்? மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது, என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். கங்காணி தொண்டையைக் கனைத்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அப்படித் தள்ளிப்போகிற பேச்சு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். கழற்றினால் பஞ்சப்பரதேசி, கழற்றாவிட்டால் நோயாளி. எது மேல் என்று தெரியாமல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, மொதல்ல நீங்க ஒங்க கோட்ட கழட்டுங்க. அப்பறம் அவங்க கழட்டுவாங்க."

எல்லோரும் கங்காணியைப் பார்த்தோம். அவர் முகமும் வியர்வையில் குளித்திருந்தது. என் அவஸ்தையில் அதுவரை நான் அதைக் கவனிக்கவேயில்லை.

அவர் ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தார். பிறகு மெல்லக் கழற்றினார். சட்டையின் முதுகில் பாதிக்கு மேல் கோதுமை மாவுச் சாக்குத் துணி. மில்லின் நீல எழுத்து இன்னும் வெளுக்கவில்லை. நானும் கழற்றினேன். என் சட்டைக்கு முதுகே இல்லை.

கங்காணி என்னைச் சுற்றிவந்து ஒருமுறை பார்த்தார். வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே திரும்பிச் சொன்னார்:

"புள்ள, மாப்பிள்ளைக்கு குடிக்கப் பச்சத் தண்ணி கொண்டா."