எழுநூற்றிருபது டாலரும் மொன்டானாப் பெட்டியும்

எர்னி ஃபகுண்டஸ் தன் எழுபத்தொரு வயதுக்குள் ஒரே ஒரு கடன்தான் பட்டார். அதுவும் அவர் வாங்கித் தின்ற கடன் இல்லை. மாநில வரி அலுவலகத்துக்குப் பதினோராயிரத்து நானூறு டாலர். அதில் எழுநூற்றிருபது, அவர் மனைவி டொலோரஸின் அண்ணன் வெர்னன் சில்வேரா கட்டியிருக்க வேண்டியது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் எர்னி. ஊரான் பண்ணையில் விடியற்காலை மூன்று மணிக்குப் பால் கறந்தார். இருபது வருஷம் லாரிக்கு டயர் மாட்டினார். பிறகு லோஸ் பானோஸ் ஊர்க் கடைத்தெருவில் இந்தத் துப்பாக்கிக் கடையை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். வங்கிக்காரன் முன்னால் கைகட்டி உட்காராமல் கடை போட்ட ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொருத்தன் இருந்தால் கூட்டி வரட்டும், பார்க்கலாம்.

வெளிமாநிலத்தில் துப்பாக்கி வாங்குகிறவன் அதை நேராக வீட்டுக்கு வரவழைக்க முடியாது. உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். எர்னி பதிவேட்டில் எழுதுவார், பத்து நாள் பெட்டகத்தில் வைத்திருப்பார், எழுபத்தைந்து டாலர் கூலி வாங்கிக்கொண்டு கொடுப்பார். பெட்டிக்குள் இருக்கும் விலைச்சீட்டைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார். அடுத்தவன் எவ்வளவு கொடுத்து வாங்கினான் என்று மூக்கை நுழைப்பது அவருக்கு அசிங்கம். அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது. வெளிமாநிலக்காரன் வரி பிடிக்கவில்லை என்றால், கொடுக்கிற கடைக்காரன் முழு விலைக்கும் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இவர் கூலியைத் தவிர எதையும் கணக்கில் காட்டியதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தண்ணீர்கூடக் கேட்காமல் இரண்டு நாள் உட்கார்ந்து, பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் விலை கண்டுபிடித்தாள். எர்னி தன் மீன்பிடிப் படகை விற்றார். அபராதத்தோடு கட்டி முடித்தார். பிறகு, அந்தத் துப்பாக்கிகளை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அவரவர் வரியைக் கேட்டார். சிலர் கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். எல்லாவற்றிலும் பெரிய உருப்படி வெர்னனுடையது. மொன்டானா மாநிலத்திலிருந்து வந்த, பூவேலை செய்த இத்தாலி இரட்டைக்குழல் துப்பாக்கி. விலை ஒன்பதாயிரம் டாலர், வரி எழுநூற்றிருபது.

அறுநூறு ஏக்கர் பாதாம் தோட்டக்காரன் வெர்னன். அவன் சொன்ன பதிலை எர்னி மறக்கவில்லை. “படிக்காதவன் கடை வச்சா இப்படித்தான் மச்சான். உன் முட்டாள்தனத்துக்கு நான் எதுக்கு தண்டம் அழணும்?”

அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதை டொலோரஸும் நிறுத்தினாள். படகு போனது எர்னிக்குப் பெரிதில்லை. படிக்காதவன் என்ற அந்தச் சொல்தான் தொண்டையில் நின்றது. எழுநூற்றிருபதை அவன் கையாலேயே வாங்காமல் அது இறங்காது.

இந்த ஆகஸ்ட் பதினாறாம் தேதி கடைக்கு ஒரு பெட்டி வந்தது. அதே மொன்டானா வியாபாரி. மேலே வெர்னன் பெயர். வெர்னன் அதைப் பக்கத்து ஊர்க் கடைக்குத்தான் வரவழைத்திருந்தான். ஆனால் அந்த வியாபாரியின் கோப்பில் வெர்னன் பெயரோடு எர்னியின் பழைய உரிம நகல் கிடந்தது. சரக்கு அனுப்பும் பையன் அதைப் பார்த்து இங்கே அனுப்பிவிட்டான்.

இப்போதெல்லாம் எர்னி பெட்டியைப் பிரிக்காமல் பதிவதில்லை. விலைச்சீட்டில் ஆறாயிரத்து ஐந்நூறு. வரிக்கட்டம் காலி. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டி போன இடம் தெரிந்து மறுநாளே வெர்னன் வந்தான். வணக்கம் இல்லை. ஒரு காகிதத்தை மேசையில் எறிந்து, இதுதான் விலை, இதுக்குண்டான வரியைப் போட்டுக்கொள் என்றான். ஆயிரத்து ஐந்நூறு என்று அச்சடித்திருந்தது. எர்னி கண்ணாடியைத் துடைத்து, எட்டாம் வகுப்புக்காரன் எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாகப் படித்தார். பிறகு பையிலிருந்த சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“காலேஜ் படிச்சவன் நீ. எந்தச் சீட்டு நெஜம்னு நீயே சொல்லு மச்சான்.”

வெர்னன் முகம் சிவந்துபோயிற்று. பெட்டியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடு என்றான். எர்னி முடியாது என்றார். வந்த பெட்டியை மொன்டானாவுக்குத் திருப்பி அனுப்ப மட்டும்தான் தனக்கு இஷ்டம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார். இங்கேயே வேண்டுமானால் புது வரி ஐந்நூற்றிருபது. அதற்கு முன்னால் பழைய எழுநூற்றிருபது.

“இது வழிப்பறி.”

“வழிப்பறிக்காரன் ரசீது குடுக்க மாட்டான். புதுசுக்கு நான் குடுப்பேன். பழசுக்கு என் படகு போன பத்திரம் இருக்கு, பாத்துக்கோ.”

வெர்னன் கதவை அறைந்துவிட்டுப் போனான். ஆனால் செப்டம்பர் முதல் தேதி புறா வேட்டை தொடங்குகிறது. பாதாம் வாங்கும் கம்பெனிக்காரர்களைத் தன் வயலுக்கு அழைத்து, புதுத் துப்பாக்கியைக் காட்டப்போவதாக அவன் ஊரெல்லாம் பீற்றியிருந்தான். சட்டப்படியான பத்து நாள் காத்திருப்பைக் கழித்தால், துப்பாக்கி வாங்கும் மனு இருபத்தொன்றாம் தேதிக்குள் போக வேண்டும். மொன்டானா போய்த் திரும்ப நாள் கிடையாது. எர்னி கணக்கில் புலி என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் இந்தக் கணக்கை அவர் பெட்டி வந்த அன்றே போட்டுவிட்டார்.

பதினெட்டாம் தேதி வெர்னன் தங்கைக்குப் போன் செய்தான். டொலோரஸ் லிங்குயிசாத் தொத்திறைச்சி வறுத்துக்கொண்டே அவன் புலம்பலைக் கேட்டாள். கடைசியில், அந்தக் கடை அவர் உழைத்து வாங்கினது, அங்கே என் பேச்சு செல்லாது என்று போனை வைத்துவிட்டாள். பத்தொன்பதாம் தேதி வெர்னனின் தோட்டத்து ஆள் முந்நூறு டாலரோடு வந்தான். எர்னி உறையைத் திறக்காமலே திருப்பினார். கொடுத்தனுப்புகிற காசு வேண்டாம், வந்து கொடுக்கிற காசு வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

இருபத்தொன்றாம் தேதி காலை, கடை திறந்த ஐந்தாவது நிமிஷம் வெர்னன் உள்ளே வந்தான். உள்ளே மூன்று பேர் தோட்டா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றான். எர்னி அவர்களை அவசரப்படுத்தவில்லை. அவர்களும் நகரவில்லை.

வெர்னன் வங்கி அட்டையைத் தேய்த்துப் புது வரியைக் கட்டினான். ரசீது வாங்கினான். மனுவில் கையெழுத்துப் போட்டான். பிறகு பர்ஸைத் திறந்து நோட்டுக்கட்டை மேசைமேல் வைக்கப் போனான்.

“மேசைக்கு நீ கடன் படல,” என்று எர்னி உள்ளங்கையை நீட்டினார். கிரீஸ் ஏறிக் கறுத்த, டயர் மாட்டிய கை.

வெர்னன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு நூறு டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தான். வைத்துவிட்டு பர்ஸை மூடினான்.

எர்னி நீட்டிய கை மூடவில்லை, அசையவும் இல்லை.

வெர்னன் மறுபடி பர்ஸைத் திறந்தான். இருபது டாலர் நோட்டு ஒன்றை உருவி, மற்ற நோட்டுகளின் மேல் வைத்தான்.