தொட்டியோரம் கிடந்த செருப்பு

மந்தைவெளியில் எட்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி இருக்கிறது. அந்த ஞாயிறு காலை அதன் மோட்டார் நின்றுவிட்டது. பராமரிப்பவர் லீவு. வீட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை. "என்ன அடைச்சிருக்குன்னு நானே பாத்துட்டு வரேன்" என்று என் கணவர் போனார்.

காபி ஆறிப்போயும் ஆளைக் காணோமே என்று நானும் போனேன். தொட்டியின் மூடி திறந்திருந்தது. பக்கத்தில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே என்றுதானே நமக்குப் பழக்கம்! "ஏங்க! ஏங்க!" என்று அந்த இருட்டுக்குள் கத்தினேன். பதிலே இல்லை. எதையும் யோசிக்கவில்லை. என் செருப்பையும் உதறிவிட்டு ஏணியில் கால் வைத்தேன்.

யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். வாராவாரம் எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா.

"எறங்காதம்மா! உள்ள வெசக்காத்து கீது. ஏணி மேலயே மயங்கி சாஞ்ச உன் வூட்டுக்காரர நான் சட்டைய புட்ச்சி வெளிய இஸ்து போட்டுட்டேன். அதோ பாரு!"

மோட்டார் ரூமுக்குப் பின்னால், பேசக்கூட முடியாமல் அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வரும்வரை அந்த அக்கா என் கையை விடவில்லை.

"எங்க அண்ணன் இப்டிதான் ஒரு தொட்டில எறங்குச்சு. அண்ணன தூக்கப் போனாரு என் வூட்டுக்காரரு. ரெண்டு ஜோடி செருப்பையும் நான்தான் வூட்டுக்கு எட்த்துகினு வந்தேன்."

இப்போதும் வாசலில் அவர் செருப்பைப் பார்த்தால் "ஏங்க" என்று கூப்பிடுகிறேன். உள்ளேயிருந்து பதில் வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.